விண்வெளிக் கூட்டுப்படையை உருவாக்குவது எப்படி? போர் விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேஜையில் ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்காகப் பல நாடுகள் சேர்ந்த ஒரு கற்பனைப் படையைச் சொந்தமாக உருவாக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த விதிப் புத்தகத்தை வைத்து ஆடினாலும் பயன்படும்படி பதில்களை எழுதியிருக்கிறேன். படையைச் சேர்க்கச் செலவழிக்கும் புள்ளிகள், பகடை, முறை வைத்து நகர்த்துதல் என்ற மூன்றும் உங்கள் ஆட்டத்தில் இருந்தால் போதும்.

கூட்டுப்படைக்கும் ஒரே நாட்டுப் படைக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம்?

கூட்டுப்படையில் இருக்கும் ஒவ்வொரு கப்பல் தலைவருக்கும் இரண்டு எஜமானர்கள். ஒருவர் போர்க்களத்தில் இருக்கும் கூட்டுத் தளபதி. இன்னொருவர் ஊரில் உட்கார்ந்திருக்கும் சொந்த அரசு. இருவரும் ஒரே பேச்சைப் பேசும் வரை சிக்கல் இல்லை. பேச்சு மாறும் நொடியில் அந்தக் கப்பல் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் விதிகளில் பதில் இருந்தால் அது கூட்டுப்படை. இல்லாவிட்டால், எத்தனை கொடி வரைந்தாலும் அது பல நிறத்தில் பெயிண்ட் அடித்த ஒரே நாட்டுப் படைதான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்: நாடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களை முதலில் வடிவமையுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? கப்பல்களா, வரலாறா, கொடியா?

ஒப்பந்தத்திலிருந்து. யாருக்கு எதிராகச் சேர்ந்தார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், தளபதி எந்த நாட்டிலிருந்து வருவார், பிடிக்காதவர் எப்படி வெளியேறலாம் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

உண்மை வரலாறு நல்ல கச்சாப்பொருள். 1949இல் உருவான நேட்டோவின் ஐந்தாவது பிரிவு, ஒருவர் மீதான தாக்குதலை எல்லார் மீதான தாக்குதலாகக் கருதச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் அதே பிரிவு தொடர்கிறது. படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. அதே கூட்டணியில் ஐரோப்பாவுக்கான உச்சத் தளபதி எப்போதும் அமெரிக்கர். 1955இல் சோவியத் ஒன்றியம் தன் கூட்டாளி நாடுகளோடு அமைத்த வார்சா ஒப்பந்தப் படைக்கோ தலைமைத் தளபதி எப்போதும் சோவியத் படை அதிகாரி. இரண்டுமே கூட்டணிகள்தாம், ஆனால் உள்ளே மறுத்துப் பேச இருந்த இடம் வேறு வேறு. உங்கள் கூட்டணி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை நாடுகள் இருக்கலாம்?

கொரியப் போரில் ஐ.நா. கொடியின் கீழ் 16 நாடுகள் போரிடும் படைகளை அனுப்பின. மேஜையில் அது தாங்காது. மூன்று முதல் ஐந்து வரை வைத்துக்கொள்ளுங்கள்.

சம பலமுள்ள மூன்று நாடுகளைப் போடுவது சப்பென்று இருக்கும். ஒரு பெரிய நாடு, தங்களுக்குள் ஒத்துப்போகாத இரண்டு நடுத்தர நாடுகள், படையே இல்லாவிட்டாலும் யாராலும் தவிர்க்க முடியாத ஒரு சிறிய நாடு என்பதுதான் எனக்குப் பிடித்த கலவை. அந்தச் சிறிய நாடு வெறும் கற்பனை இல்லை. நேட்டோவுக்குச் சொந்தமான அவாக்ஸ் ரேடார் விமானங்கள் ஜெர்மனியின் கைலன்கிர்ஷனைத் தளமாகக் கொண்டவை. பல நாட்டினர் சேர்ந்து அவற்றை இயக்குகிறார்கள். ஆனால் அவை பதிவு செய்யப்பட்டிருப்பது குட்டி நாடான லக்சம்பர்க்கில்!

விண்வெளியில் இதற்கு இன்னும் கனம் அதிகம். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவுப்படி, ஒரு விண்கலத்தை எந்த நாடு பதிவு செய்திருக்கிறதோ அதற்குத்தான் அந்தக் கலத்தின் மீதும் அதிலுள்ளவர்கள் மீதும் சட்ட அதிகாரம். உங்கள் கூட்டணியின் முதன்மைக் கப்பல் வியாழனின் ஒரு சின்ன நிலவுக் குடியேற்றத்தில் பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். கப்பலில் ஒரு அதிகாரி ஆணையை மீறுகிறார். அவரை விசாரிக்கும் உரிமை அந்த நிலவுக்கு. பெரிய நாடு அவரைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரு குண்டுகூடப் பாயாமல் ஒரு முழு சீனாரியோ, அதாவது ஒரு ஆட்டத்துக்கான சூழ்நிலை, கிடைத்துவிட்டது.

விண்வெளியில் ஆயுதமே கூடாது என்று சட்டம் இருக்கிறதே?

அப்படி இல்லை. அதே ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு, அணு ஆயுதம் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது. நிலவிலும் மற்ற கோள்களிலும் படைத்தளம் அமைப்பதையும் தடுக்கிறது. சுற்றுப்பாதையில் சாதாரண ஆயுதங்களைப் பற்றி அதில் தடை இல்லை. சோவியத் ஒன்றியத்தின் சல்யூட் 3 நிலையத்தில் ஒரு பீரங்கி இருந்தது, 1975இல் அதைச் சுட்டும் பார்த்தார்கள். உங்கள் கற்பனை உலகில் இந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கிழிக்கப்பட்டுவிட்டதா, கிழித்தது யார் என்பதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். எதிரியின் முகம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரே கப்பலுக்குள் பல நாட்டினர் இருப்பது நம்பும்படி இருக்குமா?

இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து அது நடந்துவருகிறது. போர்க்கப்பலிலும் முயன்றிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில், நேட்டோ நாடுகளின் மாலுமிகள் கலந்து இயக்கும் அணு ஏவுகணைக் கப்பற்படை ஒன்றை அமைக்க அமெரிக்கா யோசனை சொன்னது. அது நடைமுறையில் சரிவருமா என்று பார்க்க, கிளாட் வி. ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க டெஸ்ட்ராயரில் 1964-65இல் பல நாட்டு மாலுமிகளை ஒன்றாக வேலை செய்ய வைத்தார்கள். கப்பல் ஓடியது. அந்தப் படைத் திட்டம் மட்டும் அரசியலில் கைவிடப்பட்டது.

மேஜைக்கு என் பரிந்துரை: முதன்மைக் கப்பல், மருத்துவக் கப்பல், பழுதுபார்க்கும் கப்பல் இவற்றில் மட்டும் கலப்பு மாலுமிகள். தாக்கும் கப்பல்கள் அந்தந்த நாட்டுக்கே உரியவை. கலப்பு மாலுமிகள் உள்ள கப்பலை எந்த அரசும் தன்னிச்சையாகத் திரும்ப அழைக்க முடியாது என்று விதி வையுங்கள். சண்டையில் கொஞ்சம் பலவீனம், அரசியலில் உறுதி. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலை ஆட்டக்காரருடையது.

கட்டளைச் சிக்கலை விதியாக எப்படி மாற்றுவது?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் ருசி பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

1942 பிப்ரவரி 27 அன்று ஜாவா கடலில் நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டுக் கப்பல்கள் டச்சு அட்மிரல் கரெல் டோர்மனின் கீழ் ஜப்பானியப் படையை எதிர்த்துப் போயின. ஒன்றாகப் பயிற்சி எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை, பொதுவான சமிக்ஞைப் புத்தகமும் கிடையாது. சண்டையின் நடுவே பிரிட்டிஷ் குரூஸர் எக்ஸெடரின் கொதிகலன் அறையில் குண்டு விழ, அது வரிசையை விட்டுத் திரும்பியது. திரும்பச் சொல்லி ஆணை வந்திருக்கிறது என்று எண்ணிப் பின்னால் வந்த கப்பல்களும் திரும்பின. வரிசை கலைந்தது. அன்றிரவே டி ரூய்ட்டர், ஜாவா என்ற இரண்டு டச்சு குரூஸர்களும் மூழ்கின. டோர்மனும் உயிரிழந்தார். அடுத்த இரண்டு நாட்களுக்குள் எக்ஸெடர், ஆஸ்திரேலிய குரூஸர் பெர்த், அமெரிக்க குரூஸர் ஹூஸ்டன் மூன்றும் போயின. அந்த மாலுமிகளின் வீரத்தில் எந்தக் குறையும் இல்லை. எதிரியிடம் நெடுந்தூரம் பாயும் டார்பிடோக்கள் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஒரே மாதிரி பழகிய ஐந்து குரூஸர்களாக இருந்திருந்தால் அந்த வரிசை அப்படிக் கலைந்திருக்காது.

இதை விதியாக்கினால் இப்படி வரும். முதலில், தாமதம். தளபதி தன் நாட்டுக் கப்பலுக்குக் கொடுக்கும் ஆணை அதே சுற்றில் நடக்கும், வேறு நாட்டுக் கப்பலுக்குக் கொடுத்தது அடுத்த சுற்றில்தான் நடக்கும். அப்புறம், தவறாகப் புரிந்துகொள்ளுதல். வரிசையில் முன்னால் போகும் கப்பல் ஆணையில்லாமல் திரும்பினால், பின்னால் வரும் வேற்றுநாட்டுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அதுவும் கூடவே திரும்பும். கடைசியாக, பழக்கம். இரண்டு நாட்டுக் கப்பல்கள் மூன்று சீனாரியோக்களில் சேர்ந்து சண்டையிட்டுப் பிழைத்திருந்தால், அவற்றுக்குள் இந்த இரண்டு விதிகளும் இனி செல்லாது. தொடர் ஆட்டங்களில் இந்தக் கடைசி விதிதான் மனதைத் தொடும். பழகிய கப்பலை இழக்க யாருக்கும் மனம் வராது.

ஒளி போய்ச்சேரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பூமியிலிருந்து நிலவுக்கு 1.3 நொடி, அதனால் தொந்தரவில்லை. செவ்வாய்க்கு, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். ஆக, செவ்வாய்க்கு அருகே சண்டையிடும் பிரிவு ‘அரசிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொன்னால், பதில் வருவதற்குள் சண்டையே முடிந்திருக்கலாம். கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையை எந்த நாடு தன் கப்பல் தலைவர்களுக்குக் கொடுத்திருக்கிறது, எது கொடுக்கவில்லை? இந்த ஒரு கேள்வியிலேயே நாட்டுக்கு நாடு நல்ல வேறுபாடு வந்துவிடும். எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் தலைக்குத் தலை பெரியதனம்தான், அதுவும் ஆடிப் பார்க்க வேண்டியதே.

அரசு விதிக்கும் வரம்புகளை எப்படிக் காட்டுவது?

ஆப்கானிஸ்தானில் இருந்த பன்னாட்டுப் படையில் பல நாடுகள் தங்கள் வீரர்கள் எங்கே போகலாம், எந்த வேலையில் இறங்கலாம் என்று வரம்பு போட்டிருந்தன. திட்டம் தீட்டுபவருக்கு அது தீராத தலைவலியாக இருந்தது.

ஒவ்வொரு நாட்டுப் பிரிவுக்கும் ஒரு ரகசிய அட்டை எழுதுங்கள். ‘முதலில் சுடாது’, ‘வளிமண்டலத்துக்குள் இறங்காது’, ‘மக்கள் வசிக்கும் நிலையத்துக்கு அருகில் ஏவுகணை விடாது’, ‘பாதிக் கப்பல்களை இழந்தால் விலகிவிடும்’ இப்படி. ஒரு பிரிவுக்கு ஒன்றுதான். இரண்டு கொடுத்தால் அந்த ஆட்டக்காரருக்குச் செய்ய எதுவும் இருக்காது. அட்டையைத் தளபதி முன்கூட்டியே பார்க்கக் கூடாது. அந்த வரம்பை மீறும் ஆணையைக் கொடுக்கும்போதுதான் திருப்பிக் காட்ட வேண்டும்.

தொழில்நுட்பம் நாட்டுக்கு நாடு வேறு என்றால், லேசருக்கு ஒரு நாடு, ஏவுகணைக்கு ஒரு நாடு என்று பிரித்தால் போதுமா?

ஆயுதங்களை அப்படிப் பிரிப்பது எளிது, எல்லாரும் செய்வது. காற்றையும் எரிபொருளையும் இணைப்புக் கதவையும் பிரித்துப் பாருங்கள், படைக்கு உடனே உயிர் வரும்.

1975 ஜூலையில் அமெரிக்க அப்பல்லோ கலமும் சோவியத் சோயுஸ் கலமும் சுற்றுப்பாதையில் இணைந்தன. அப்பல்லோவுக்குள் தூய ஆக்சிஜன், அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. சோயுஸுக்குள் நாம் சுவாசிப்பது போன்ற நைட்ரஜன் கலந்த காற்று, சாதாரண அழுத்தம். நேராகக் கதவைத் திறந்து ஆள் மாற முடியாது. அதற்காகவே நடுவில் ஒரு இணைப்பறை செய்தார்கள், சோயுஸின் அழுத்தத்தையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தார்கள். இணைப்புக் கருவியிலும் ஒரு அழகான தீர்வு. எந்தக் கலமும் செருகும் ‘ஆணாகவோ’ ஏற்கும் ‘பெண்ணாகவோ’ இல்லாமல், எது வேண்டுமானாலும் முன்வந்து பிடிக்கும்படி இரு பக்கமும் ஒரே மாதிரி வடிவமைத்தார்கள். இரண்டு வல்லரசுகளுக்குள் யார் யாருக்குள் நுழைவது என்ற பேச்சே எழாது.

உங்கள் ஆட்டத்தில் வேறு காற்று பயன்படுத்தும் கப்பலிலிருந்து ஆட்களை மீட்க இரண்டு சுற்று கூடுதலாகப் பிடிக்கட்டும். எரியும் கப்பலின் பக்கத்தில் அந்த இரண்டு சுற்றும் நின்றுகொண்டிருப்பதுதான் நாடகம்.

எரிபொருளுக்கும் இதே கதை. திரவ ஹைட்ரஜன் கொதிநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ், மீத்தேனுக்கு மைனஸ் 161. ஒன்றின் தொட்டியில் மற்றதை ஊற்றி வேலையை ஒப்பேற்ற முடியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிக்கும் எந்திரத்தில் வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். அணு வெப்ப எந்திரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. அயனி எந்திரத்தில் 30 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போகும், ஆனால் தள்ளுவிசை மிகவும் சொற்பம். மூன்று நாடுகள் மூன்று எந்திரம் வைத்திருந்தால், படை முழுக்க மெதுவான கப்பலின் வேகத்தில் போக வேண்டும், அல்லது பிரிந்து போக வேண்டும். ஒவ்வொரு எரிபொருளுக்கும் தனித்தனி டேங்கர் கப்பல் வையுங்கள். எதிரி எதை முதலில் குறிவைப்பான் என்று சொல்லவே வேண்டியதில்லை.

அளவுகளும் காலை வாரும். 1999இல் செவ்வாயை அடைந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்கலம் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுக்க, அடுத்தது அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த நாட்டின் ரேடார் தகவலை வைத்து வேறொரு நாடு சுட்டால், முதல் சுற்றில் குறி பார்க்கும் பகடையில் ஒன்றைக் கழிக்கலாம்.

எல்லாரும் பயன்படுத்தும் பொதுவான கப்பல் வகை ஒன்று இருக்கலாமா?

தாராளமாக. ஆனால் அதை யார் கட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை, ஒரு நாடு கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற அளவில் அந்த நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கும் முறையைப் பின்பற்றுகிறது. யூரோஃபைட்டர் விமானத்துக்கு இடது இறக்கை இத்தாலியிலிருந்தும் வலது இறக்கை ஸ்பெயினிலிருந்தும் வருகின்றன. கடைசியாகப் பூட்டும் வேலையும் நான்கு நாடுகளில் நடக்கிறது. உங்கள் பொதுக் கப்பலின் அணு உலை ஒரு நாட்டில், கவசம் இன்னொன்றில், கணினி மூன்றாவதில் தயாராகட்டும். உலை செய்யும் நாடு கோபித்துக்கொண்டு போனால் எந்த உலையையும் பழுதுபார்க்க முடியாது.

நாடுகளுக்குக் குணம் எப்படிக் கொடுப்பது?

‘இவர்கள் வீரர்கள், அவர்கள் தந்திரக்காரர்கள்’ என்று இனத்துக்கு ஒரு குணம் ஒட்டாதீர்கள். அது தவறு, ஆட்டத்துக்கும் உதவாது. ஒரு படையின் நடத்தை அதன் இருப்பிடம், மக்கள்தொகை, தொழிற்சாலை, கடைசியாகத் தோற்ற போர் இவற்றிலிருந்து வருகிறது. மக்கள் குறைவாக உள்ள குடியேற்றம் ஆளில்லாக் கலங்களை முன்னால் அனுப்பும், மாலுமிகளைக் காப்பாற்றுவதில் பிடிவாதமாக இருக்கும். பனிக்கட்டிச் சுரங்கம் வைத்திருக்கும் நாடு தண்ணீரைக் கவசமாகவும் எரிபொருளாகவும் தாராளமாகச் செலவழிக்கும். பதுங்கித் தாக்கப்பட்டு ஒரு படையையே இழந்த நாடு வேவுக் கலங்கள் இல்லாமல் ஒரு அடி வைக்காது. காரணம் தெரிந்தால் விதி தானாக வரும்.

இன்றைய நாடுகளையே 200 வருடம் கழித்து வைக்கலாமா?

வைக்கலாம், அப்படியே வைக்காதீர்கள். 200 வருடங்களுக்கு முந்தைய வரைபடத்தில் ஒன்றுபட்ட ஜெர்மனியும் இல்லை, இத்தாலியும் இல்லை. சில நாடுகளைச் சேருங்கள், சிலவற்றைப் பிரியுங்கள், இரண்டு புதிதாக முளைக்கட்டும்.

கப்பல்களுக்குப் பெயர்?

நாட்டுக்கு ஒரு வகை: ஆறுகள், கணித மேதைகள், மலர்கள், பழைய தலைநகரங்கள். இந்தியக் கடற்படையும் இஸ்ரேல் கடற்படையும் ஆங்கிலத்தில் ஐ.என்.எஸ். என்ற ஒரே முன்னொட்டைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் பொதுவான வரிசை எண்ணும் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு கப்பலுக்கு மட்டும் கூட்டணி நாடு ஒன்றை முன்பு தோற்கடித்த போரின் பெயரை வையுங்கள். அந்த இரண்டு நாடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது தெரியும்.

பெயிண்ட் அடிக்கும்போது ஒரே படையாகவும் தெரிய வேண்டும், தனித்தனி நாடாகவும் தெரிய வேண்டும். எப்படி?

உடல் நிறம் நாட்டுக்கு, பட்டை கூட்டணிக்கு. 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முன்பு நேச நாட்டு விமானங்களில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகளை அவசரமாக அடித்தார்கள், சொந்தப் படையே சுட்டுவிடாமல் இருக்க. மினியேச்சரில், அதாவது மேஜையில் வைக்கும் சிறு கப்பல் பொம்மையில், இந்த உத்தி அருமையாக எடுபடும், மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். பட்டை நேர்த்தியாக வராவிட்டால் அதுவும் பொருத்தமே, அசலிலும் பலவற்றைத் தூரிகையால் கையில்தான் அடித்தார்கள். அதே போரில் அமெரிக்கா தன் நட்சத்திரச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தை 1942இல் எடுத்துவிட்டது, ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வரும் என்று. உங்கள் நாடு ஒன்றின் சின்னமும் எதிரியின் சின்னம் போலவே இருந்து மாற்ற வேண்டி வந்ததாக வைத்தால், பழைய சின்னம் அழியாத ஒரு கப்பலை டெக்கால் என்ற ஒட்டுப்படத்தோடு காட்டலாம்.

இத்தனை தடைகளோடு ஆடினால் கூட்டுப்படை எப்போதும் தோற்காதா?

புள்ளிகளில் ஈடுகட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்துத் தொடங்கி, சில ஆட்டங்களுக்குப் பிறகு ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வெற்றி நிபந்தனை. ஒருவருக்கு நிலையம் வேண்டும், ஒருவருக்குத் தன் கப்பல்கள் திரும்பி வந்தால் போதும், இன்னொருவருக்கு எதிரியோடு பேச்சுவார்த்தைக்கு வழி திறந்திருக்க வேண்டும். கூட்டணி ஜெயித்தும் ஒரு நாடு தோற்கலாம்.

பல பேர் சேர்ந்து ஆட முடியுமா?

அதுதான் சிறந்த வழி. நாட்டுக்கு ஒருவர், நடுவில் ஒரு நடுவர். 1824இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரியின் போர் விளையாட்டிலேயே எழுத்தில் கொடுத்த ஆணைகளும் நடுவரும் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் பேசக் கூடாது, துண்டுச் சீட்டு மட்டும். சீட்டை எத்தனை சுற்று தாமதித்துக் கொடுப்பது என்று நடுவர் தூரத்தை வைத்து முடிவு செய்வார். தனியாக ஆடுபவர்கள் ரகசிய அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டால் போதும்.

தொடர் ஆட்டத்தின் நடுவே ஒரு நாடு விலகினால்?

விலகட்டும், ஆனால் விலகுவதையே ஆடுங்கள். 1966இல் பிரான்ஸ் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து வெளியேறியது. கூட்டணியை விட்டு அது போகவில்லை. 2009இல் படைத் தலைமைக்கும் திரும்பி வந்தது. இடையில் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. பிரெஞ்சு மண்ணில் இருந்த வெளிநாட்டுத் தளங்கள் காலி செய்யப்பட்டன, தலைமையகங்கள் 1967இல் பெல்ஜியத்துக்கு மாறின.

உங்கள் கூட்டணியின் பழுதுபார்க்கும் தளம் விலகும் நாட்டின் சுற்றுப்பாதையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு சுற்று கெடு. உள்ளே எந்திரம் கழற்றிய நிலையில் இரண்டு கப்பல்கள். டேங்கர்கள் போதாது. விலகும் நாட்டின் கப்பல்கள் சுடாது, உதவியும் செய்யாது, நின்று பார்க்கும். எதிரி மேஜையின் அந்த ஓரத்தில் எட்டாவது சுற்றில் வருவான். கெடு முடிந்த பிறகும் தளத்தில் மாட்டியிருக்கும் கப்பல் யாருக்குச் சொந்தம் என்பதை, முதல் நாள் எழுதிய அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தைப் பார்த்து நடுவர் சொல்ல வேண்டும்.